எட்டாவது படிக்கும் மகளைக் கோவிலில் எந்தக் குழுவில் சேர்ப்பது?

ஜூனில் பள்ளி திறந்ததும் பெங்களூர்த் தமிழ்க் கத்தோலிக்க வீடுகளில் இந்தப் பேச்சு வந்துவிடும். பிள்ளை எட்டாவதுக்கு வந்திருப்பாள். புதுநன்மை வாங்கி சில வருஷம் ஆகியிருக்கும், உறுதிப்பூசுதல் இன்னும் ஆகியிருக்காது. ஞாயிற்றுக்கிழமை பூசையும் மறைக்கல்வி வகுப்பும் போதுமா, இல்லை ஏதாவது குழுவில் சேர்த்துவிட வேண்டுமா? பூசை முடிந்து வெளியே வந்தால் மரியாயின் சேனை என்ற கோவில் குழுவின் அக்கா ஒருவர் கையைப் பிடித்துக்கொள்வார். இளம் மாணவர் இயக்கத்துக்கு ஆள் சேர்க்கிறோம் என்று மைக்கில் அறிவிப்பு வந்திருக்கும். பள்ளியில் கொடுத்த கைட்ஸ் (பெண் சாரணர்) படிவம் பையில் கசங்கிக் கிடக்கும். மூன்றுக்கும் சரி என்று தலையாட்டிவிட்டு, தசரா லீவுக்குள் மூன்றையும் விட்டுவிட்ட வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு.

நான் லிங்கராஜபுரம் பக்கம் இருக்கிறவள். மகளுக்காக மூன்றையும் கிட்டப் போய்ப் பார்த்தேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற வயதில், பெண்பிள்ளைகளுக்கென்று தனியாக நடக்கும் பங்குக் குழுதான், அதாவது நம் வட்டாரக் கோவிலின் குழுதான் மேல். இதே முடிவுக்குப் பல பெற்றோரும் வருகிறார்கள். ஆனால் அவர்கள் காரணம் வேறு, என் காரணம் வேறு.

அவர்கள் காரணத்தை ஒளித்துப் பேச வேண்டியதில்லை. பெண் வயசுக்கு வந்துவிட்டாள், பையன்கள் இருக்கிற இடத்துக்கு அனுப்பப் பயம். கிறிஸ்தவர்களாக இருந்தாலும் மண்டபம் பிடித்து, பேனர் வைத்து, மஞ்சள் நீராட்டு விழா நடத்துகிற ஆட்கள்தானே நாம். அந்த விழாவுக்குப் பிறகு தெருமுனைக் கடைக்குக்கூடத் தம்பியைத்தான் அனுப்புவார்கள். சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே போய்விடும். பாட்டி மறுபேச்சில்லாமல் விடுகிற ஒரே இடம் கோவில்தான்: "கோவிலுக்குத்தானே, போயிட்டு வரட்டும்." அப்படிக் கிடைக்கிற வாரத்துக்கு ஒரு மாலையையும் காவலுக்காகத் தேர்ந்தெடுத்தால் பிள்ளைக்கு என்ன மிச்சம்? அதுவும் இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் பியூசி, அதாவது பிளஸ் ஒன், வந்துவிடும். அங்கே பையன்களோடுதான் லேப், பஸ், கேன்டீன் எல்லாம். அதுவரை பையன்களோடு பேசாமல் வைத்திருந்து அன்றைக்குத் திடீரென்று இறக்கிவிடுவதில் எனக்கு ஒரு புத்திசாலித்தனமும் தெரியவில்லை.

என் காரணம் டிசம்பரில் கிறிஸ்மஸ் குடில் கட்டும் நாளில் கண்ணுக்குத் தெரியும். கலந்த குழு இருக்கிற எந்தப் பங்குக்கும் போய்ப் பாருங்கள். ஏணி மேல் நிற்பவன் பையன். சீரியல் லைட் இழுப்பவன், மூங்கில் அறுப்பவன், சவுண்ட் சர்வீஸ்காரரோடு பேரம் பேசுபவன், காசை வாங்கிக் கணக்கு எழுதுபவன், எல்லாம் பையன்கள். பெண்கள் கீழே பாய் விரித்து உட்கார்ந்து பஞ்சைப் பிய்த்துப் பனி செய்துகொண்டிருப்பார்கள். டீயும் சமோசாவும் வந்தால் எழுந்து பரிமாறுவார்கள். இப்படிச் செய் என்று யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. வீட்டில் பழகினது அங்கேயும் தன்னால் நடக்கிறது, அவ்வளவுதான். பெண்பிள்ளைகள் மட்டும் இருக்கிற குழுவில் ஏணியில் ஏற வேறு ஆள் கிடையாது. அதனால் அவர்களே ஏறுகிறார்கள், அவர்களே பேரம் பேசுகிறார்கள், கணக்கு உதைத்தால் அவர்களே திட்டும் வாங்குகிறார்கள். பதிமூன்று வயதில் இரண்டு வருஷம் இதைச் செய்து பழகிய பெண், அப்புறம் கலந்த குழுவுக்குப் போனாலும் பஞ்சு பிய்க்க உட்கார மாட்டாள்.

இப்போது குழுக்களுக்கு வருகிறேன். எங்கள் பங்கில் பெண்பிள்ளைகள் குழு என்றால் அது மரியாயின் சேனையின் இளையோர் பிரசீடியம், அதாவது சேனையின் கிளைக் குழு. சில பங்குகளில் சிஸ்டர்கள் கான்வென்டில் சனிக்கிழமை மாலை நடத்தும் குழுவாக இருக்கும், பெயரும் வேறாக இருக்கும். உள்ளே நடப்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மரியாயின் சேனை 1921 செப்டம்பர் 7 அன்று அயர்லாந்தில் டப்ளின் நகரத்தில் ஃபிராங்க் டஃப் என்ற, குருவாக இல்லாத பொதுநிலையினரால் தொடங்கப்பட்டது. 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இளையோர் பிரசீடியம். ஆண்பிள்ளைகளுக்குத் தனி, பெண்பிள்ளைகளுக்குத் தனி, இரண்டும் சேர்ந்து என்று எப்படியும் வைத்துக்கொள்ளலாம். தலைவர் மட்டும் பெரியவராக இருப்பார். எங்கள் பங்கில் செயலரும் பொருளாளரும் பிள்ளைகளே.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது ஏதோ பாட்டிமார் செபமாலை சொல்கிற இடம் மாதிரித் தோன்றும். ஒரு கூட்டத்தில் கூடவே உட்கார்ந்து பாருங்கள். முதலில் மேசை போடுவார்கள். வெள்ளைத் துணி, நடுவில் மாதா சுரூபம், இரண்டு பக்கமும் பூச்சாடி, மெழுகுவர்த்தி, முன்னால் சேனையின் சின்னக் கொடிக்கம்பம். இதை அடுக்குவது வாரம் ஒருத்தி முறை. எங்கள் பங்கில் சாமந்தி வாங்க ரஸல் மார்க்கெட் வரைக்கும் போகிற அளவுக்கு அதில் போட்டி. தொடக்க செபம், முழங்காலில் நின்று செபமாலை. அப்புறம்தான் விஷயமே ஆரம்பிக்கிறது. செயலர் போன வாரக் கூட்டத்தின் அறிக்கையை வாசிப்பாள். திருத்தம் இருந்தால் எவளாவது கையைத் தூக்குவாள். பொருளாளர் கணக்குச் சொல்வாள். பிறகு ஒவ்வொருத்தியாகத் தனக்குக் கொடுத்த வேலையை என்ன செய்தாள் என்று வாயால் சொல்ல வேண்டும்.

வேலை என்பது பெரும்பாலும் வீடு சந்திப்பது. தனியாக இருக்கிற முதியவரைப் பார்ப்பது, படுக்கையில் இருப்பவருக்குச் செபமாலை சொல்வது, மறைக்கல்விக்கு வராமல் நின்றுவிட்ட சின்னப் பிள்ளையின் வீட்டுக்குப் போவது. எப்போதும் இரண்டு பேராகத்தான் போக வேண்டும் என்பது சேனையின் வழக்கம். பெரியவர்களுக்கு வாரம் இரண்டு மணி நேரம் என்றால் இளையோருக்கு அதில் பாதி. "போனோம், பார்த்தோம், வந்தோம்" என்று ஒருத்தி முடிக்கப் பார்த்தால் எங்கள் தலைவர் விட மாட்டார். "அந்தப் பாட்டி என்ன சொன்னாங்க? மாத்திரை யார் வாங்கித் தர்றாங்க? மறுபடி எப்ப வர்றோம்னு சொல்லிட்டு வந்தீங்களா?" பள்ளியில் கடைசி பெஞ்சில் ஒளிந்துகொள்கிற பிள்ளைகூட இங்கே வாரத்துக்கு ஒரு தடவை எழுந்து நின்று பேசியே ஆக வேண்டும். பேச்சுப் போட்டிக்காக மனப்பாடம் செய்த பேச்சு இல்லை அது. தான் பார்த்ததை, கேட்கிறவர்களுக்குப் புரிகிற மாதிரிச் சொல்வது. எனக்குத் தெரிந்து எங்கள் ஊர்ப் பள்ளிகளில் இதைச் சொல்லித்தருகிற பாடம் கிடையாது.

இன்னொன்றும் எனக்கு ரொம்பப் பிடித்தது. இரகசியக் காணிக்கை. ஒரு துணிப்பை சுற்றி வரும். எல்லாரும் கையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். யார் போட்டார்கள், எவ்வளவு போட்டார்கள், யாரிடம் அன்றைக்கு ஒன்றுமே இல்லை என்று யாருக்கும் தெரியாது. சேருவதற்கென்று எங்கள் பங்கில் பணம் வாங்குவதில்லை. வீட்டு வேலைக்குப் போகிற அம்மாவின் பிள்ளையும் ஐடி கம்பெனிக்காரர் பிள்ளையும் ஒரே மேசையில் உட்காருகிற குழுவில் இது சின்ன விஷயம் இல்லை.

குறையும் உண்டு. சேனை பழைய அமைப்பு, கட்டுப்பாடு அதிகம். கூட்டம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது என்று விதி இருந்தாலும், அந்த ஒன்றரை மணி நேரமும் துள்ளுகிற பிள்ளைக்கு நீளம்தான். நடத்துகிறவரைப் பொறுத்து எல்லாம் தலைகீழாகவும் போகலாம். பெண்பிள்ளைகள் மட்டும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றதும் சிலருக்கு நாக்கு ஊறும்: துப்பட்டா எங்கே, முடியை ஏன் விரித்துப் போட்டிருக்கிறாய், நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போகிற பெண் இப்படியா. வாரம் தவறாமல் இந்தப் பிரசங்கம் நடக்கிற இடத்துக்கு என் மகளை அனுப்ப மாட்டேன், அது மாதா பெயரில் நடந்தாலும் சரி. மரியாள் பாடிய பாடலைத்தான் ஒவ்வொரு கூட்டத்திலும் நடுவில் எழுந்து நின்று சொல்கிறார்கள். வலியோரை அரியணையிலிருந்து இறக்குவதும் தாழ்ந்தோரை உயர்த்துவதும்தான் அந்தப் பாட்டில் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்ததும் துப்பட்டாவைப் பற்றிப் பேசுவது எப்படிப் பொருந்தும்?

அடுத்தது இளம் மாணவர் இயக்கம். எல்லாரும் ஒய்சிஎஸ் என்றே சொல்வார்கள். மற்ற மதப் பிள்ளைகளும் வருகிற இடங்களில் ஒய்எஸ்எம் என்று நடக்கும். இதன் வேர் பெல்ஜியத்தில் கார்டைன் என்ற குரு 1920-களில் தொழிற்சாலை இளைஞர்களோடு தொடங்கிய இயக்கத்தில் இருக்கிறது. அவருடைய முறை மூன்று படி: முதலில் நடப்பதைப் பார், அடுத்து நற்செய்தியின் வெளிச்சத்தில் சீர்தூக்கிப் பார், பிறகு செய். 1961-ல் திருத்தந்தை 23-ம் யோவான் தமது சுற்றுமடலிலேயே இந்த முறையை எடுத்துச் சொன்னார்.

நல்ல அனிமேட்டர் (குழுவை வழிநடத்துகிறவர்) கிடைத்தால் ஒய்சிஎஸ் மாதிரி வேறொன்று இல்லை. பிள்ளைகள் செபத்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. ஸ்கூல் வேனில் ஒருத்தியைக் கேலி செய்கிறார்கள், தெருமுனையில் குப்பை குவிகிறது, எந்நேரமும் எல்லார் கையிலும் போன். ஏன் இப்படி, நாம் என்ன செய்யலாம் என்று அவர்களே பேசி, சின்னதாக ஒன்றைச் செய்து பார்த்து, அடுத்த கூட்டத்தில் அது பலித்ததா என்று கேட்கிறார்கள். சிந்திக்கப் பழக்குவதில் சேனையைவிட இது ஒரு படி மேல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சேனையில் வேலையைத் தலைவர் பிரித்துக்கொடுக்கிறார். இங்கே வேலை எது என்பதையே பிள்ளைகள் கண்டுபிடிக்கிறார்கள்.

ஆனால் எட்டாவது வகுப்புப் பெண் பத்தாவது, பியூசி பையன்கள் இருக்கிற வட்டத்தில் உட்கார்ந்தால் வாய் திறக்க மாட்டாள். நான் பார்த்த கூட்டத்தில் கேள்விக்கெல்லாம் நாலு பையன்களும் ஒரு பெண்ணும்தான் பதில் சொன்னார்கள். மற்ற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அனிமேட்டர் நல்லவர்தான், ஆனால் கூட்டம் வேகமாகப் போக வேண்டுமே, பேசுகிறவர்களிடமே கேட்டுக்கொண்டு போனார். சண்டை போட்டாவது பேசுகிற சுபாவம் உங்கள் மகளுக்கு இருந்தால் இப்போதே அனுப்புங்கள், அவளுக்குச் சேனை போரடிக்கும். இல்லையென்றால் ஒன்பதாவது முடியட்டும்.

பாஷை விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் மாதிரி வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இங்கிலீஷ், கன்னடம், அதற்கு மேல் ஹிந்தி. தமிழ் எந்தப் பீரியடிலும் கிடையாது. என் மாமியார் கோலார் தங்கவயலில் தமிழ் மீடியத்தில் படித்தவர். 2001-ல் சுரங்கத்தை மூடின பிறகு குடும்பம் மொத்தமும் பெங்களூருக்கு வந்துவிட்டது. அவருடைய பேத்தி தமிழ் பேசுவாள், சண்டை போடுவாள், ஆனால் கல்யாணப் பத்திரிகையை வாசிக்க எழுத்துக் கூட்டுவாள். எங்கள் பங்கில் ஒய்சிஎஸ் முழுக்க இங்கிலீஷ். இளையோர் சேனை தமிழில். செயலராக இருக்கும் பிள்ளை அறிக்கையை இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக எழுதி வைத்துக்கொண்டு கடகடவென்று வாசிக்கிறாள். 'ள', 'ழ' எல்லாம் அதில் ஒன்றாகிவிடுவதால், கிழவியைச் சந்தித்தோமா கிளவியைச் சந்தித்தோமா என்று கூட்டமே சிரிக்கும். செபச் சீட்டு தமிழ் எழுத்தில் இருப்பதால், சொல்லிச் சொல்லியே இப்போது என் மகளுக்கு அந்த ஒரு சீட்டு மட்டும் சரளமாக வருகிறது. அங்கிருந்து பஸ் போர்டு, மளிகைப் பொட்டலம் என்று தாவ ஆரம்பித்திருக்கிறாள். இதை ஒரு லாபமாக வைத்துக்கொள்ளலாமே தவிர, தமிழுக்காக மட்டும் பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போய் உட்கார வைக்காதீர்கள். அவளோடு படிக்கிற தோழிகள் எல்லாரும் இங்கிலீஷ் பூசைக்குப் போகிறவர்கள் என்றால், தமிழ்க் குழு அவளுக்குத் தனிமைதான்.

கைட்ஸ் வேறு ரகம். பாரத ஸ்கவுட்ஸ் அண்ட் கைட்ஸ் 1950-ல் உருவாகி, அடுத்த வருஷம் கைட்ஸ் சங்கமும் அதில் சேர்ந்தது. கோவிலோடு சம்பந்தமில்லாதது. உறுதிமொழியில் கடவுளுக்குச் செய்யும் கடமை வரும், கடவுள் என்ற சொல் வேண்டாதவர்கள் தர்மம் என்று சொல்லிக்கொள்ளலாம். பத்து வயதுக்கு மேல் கைட். பிரவேஷ், பிரதம சோபான், த்விதீய சோபான், திருதீய சோபான் என்று படிப்படியாக ஏறி, மாநில அளவில் ராஜ்ய புரஸ்கார், அதற்கும் மேலே ராஷ்டிரபதி விருது. முடிச்சுப் போடுவது, முதலுதவி, திசைகாட்டி பார்ப்பது, அடுப்பு மூட்டிச் சமைப்பது, கூடாரம் அடித்துத் தங்குவது. கை குலுக்குவது இடது கையால்.

நான் ஏணியைப் பற்றிச் சொன்னதெல்லாம் இங்கேயும் கிடைக்கும். இன்னும் சொன்னால் அதிகமாகவே கிடைக்கும், ஏனென்றால் இங்கே பிள்ளைகள் ராத்திரி வெளியே தங்குகிறார்கள். ஓடியாடுகிற பிள்ளை, வீட்டுக்குள் அடைத்தால் சுவரைப் பிராண்டுகிற பிள்ளை என்றால், தயங்காமல் கைட்ஸுக்கே கையெழுத்துப் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையும் மறைக்கல்வியும் தொடரட்டும், அது போதும். குழுவில் சேராததால் பிள்ளையின் விசுவாசம் கெட்டுவிடும் என்று பயமுறுத்துகிறவர்களைக் கண்டுகொள்ள வேண்டாம். கைட்ஸில் இல்லாதது ஒன்றே ஒன்று: தெருவில் இருக்கிற மனிதர்கள். கைட் கற்றுக்கொள்வது திறமை, நிரூபித்தால் பேட்ஜ். படுக்கையில் கிடக்கிற ஒரு பாட்டியை மறுபடி மறுபடி போய்ப் பார்ப்பதற்கு பேட்ஜ் கிடையாது. செலவும் உண்டு: சீருடை, ஸ்கார்ஃப், பெல்ட், ஷூ, கேம்ப் கட்டணம். பள்ளியில் கைட் கேப்டனாக இருக்கும் மிஸ் மாற்றலாகிப் போனால் யூனிட்டே படுத்துவிடுகிற ஆபத்தும் இருக்கிறது.

பாடகர் குழு, பூசையில் குருவுக்கு உதவுகிற பீடப் பணி இரண்டையும் சிலர் கேட்கிறார்கள். பாட்டு வருகிற பிள்ளைக்குப் பாடகர் குழு, அதில் யோசிக்க ஒன்றுமில்லை. பீடத்தில் பெண்பிள்ளைகள் உதவலாம் என்று 1994-லேயே ரோமிலிருந்து தெளிவுபடுத்திவிட்டார்கள். 2021-ல் திருத்தந்தை பிரான்சிஸ் வாசகர், பீடத்துணைவர் பணிகளையே பெண்களுக்கும் திறந்துவிட்டார். இருந்தும் சில பங்குகளில் இன்றைக்கும் பையன்கள்தான். உங்கள் பங்கில் அனுமதி உண்டு, மகளுக்கும் ஆசை என்றால் விடுங்கள். சேனையோடு சேர்த்தே செய்யலாம், தனியாக ஒரு நாள் தேவைப்படாது.

கத்தோலிக்கர் அல்லாத தோழிகளும் இதே கேள்வியைக் கேட்பதால் இரண்டு வரி. சிஎஸ்ஐ சபைகளில் பொதுவாக ஞாயிறு பள்ளியிலிருந்து திடப்படுத்தல் வகுப்பு, அங்கிருந்து வாலிபர் ஐக்கியம் என்று போகும். அது கலந்த குழு. பெண்பிள்ளைகளுக்கென்றே இருப்பது கேர்ள்ஸ் பிரிகேட். அதுவும் டப்ளினில் பிறந்ததுதான், 1893-ல். ஆன்மிகம், உடல், கல்வி, சேவை என்று நாலு பக்கமும் பார்க்கிற திட்டம், சீருடையும் உண்டு. மார்மன் சபை என்று மற்றவர்கள் சொல்கிற பிற்காலப் பரிசுத்தவான்கள் சபையில் இளம்பெண்கள் அமைப்பு 1869-லிருந்து நடக்கிறது, 12 வயது ஆகிற வருஷத்திலிருந்து 18 வயது வரை. அவர்கள் ஏற்பாட்டில் நான் பொறாமைப்படுவது இரண்டு. ஒவ்வொரு வகுப்புக்கும் தலைவியும் ஆலோசகர்களும் அந்தப் பிள்ளைகளிலிருந்தே வருகிறார்கள். 2019 வரை முன்கூட்டியே வகுத்த படிகளை முடித்துப் பதக்கம் வாங்குகிற திட்டம் இருந்தது. 2020-லிருந்து அதை எடுத்துவிட்டு, பிள்ளை தானே இலக்கு வைத்துக்கொள்கிற முறைக்கு மாறினார்கள். பிள்ளைகள் இருக்கிற இடத்தில் குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும் என்பதும் அவர்கள் விதி.

அந்தக் கடைசி விதியை எந்தச் சபைக்காரரும் தம் பங்கில் கேட்டு வாங்க வேண்டும். எந்தக் குழு என்பதைவிட இதுதான் முதல் கேள்வி. கூட்டம் நடக்கிற அறையின் கதவு திறந்திருக்குமா? வீடு சந்திக்கப் போகும்போது கூட வருகிற பெரியவர் யார்? பிள்ளைகளுக்குத் தனியாக மெசேஜ் அனுப்புவார்களா, இல்லை பெற்றோரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் மட்டுமா? முகாம் என்றால் ராத்திரி யார் கூடப் படுக்கிறார்கள்? கழிப்பறை எங்கே, அதற்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? கேட்டால் முகம் சுளிக்கிற இடம் வேண்டாம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற 2012 போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழே எல்லாரும் குழந்தைகள். குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்தவர் அதைப் போலீசில் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் அதுவே குற்றம். கோவில் பெயர் கெட்டுவிடும் என்ற பேச்சுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை மகளும் மனப்பாடமாக வைத்திருக்கட்டும்.

நேரமும் போக்குவரத்தும் பெங்களூரில் தனிக் கதை. சனிக்கிழமை அரை நாள் பள்ளி, மதியம் ட்யூஷன், மாலை ஐந்துக்குக் கூட்டம் என்றால் பிள்ளை களைத்துப்போய்த்தான் வருவாள். ஞாயிறு காலைத் தமிழ்ப் பூசை, மறைக்கல்வி, உடனே கூட்டம் என்று ஒரே வீச்சில் முடிகிற பங்கு அமைந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. நடக்கிற தூரத்தில் இருக்கிற பங்குக் குழுவை விட்டுவிட்டு, பெரிய கோவிலில் இன்னும் நன்றாக நடக்கிறது என்று ஊர் தாண்டி அனுப்பாதீர்கள். ஹென்னூர் ரோடு டிராஃபிக்கில் அந்த ஆசை ஒரு மாதம் தாங்காது. பஸ்ஸில் போகிற தூரம் என்றால் 2023 ஜூனிலிருந்து சக்தி திட்டத்தில் சாதாரண அரசு பஸ்ஸில் கர்நாடகப் பெண்களுக்கு டிக்கெட் இலவசம், கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். சிவாஜிநகர் மாதா கோவிலில் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 திருவிழா வரைக்கும் எந்தக் குழுவாக இருந்தாலும் நவநாளுக்குப் போகிற பரபரப்பு இருக்கும். பள்ளியில் பரீட்சையும் அதை ஒட்டியே வரும். அந்த நாட்களில் வீட்டில் சண்டை வராமல் இருக்க, எந்த மாலைகளுக்கு அவள் போகலாம் என்பதை முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைக்கு இஷ்டமில்லை என்றால்? ஒரு மாதம் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், அதற்கு மேல் இழுக்காதீர்கள். "போர்" என்று சொன்னால் எது போர் என்று கேளுங்கள். செபமாலை நீளம் என்கிறாளா, அங்கே தன்னோடு யாரும் பேசுவதில்லை என்கிறாளா? முதலாவது பழகிவிடும். இரண்டாவது பழகாது. அப்போது இடத்தை மாற்றுவதுதான் சரி.

பத்தாவது வகுப்பைப் பற்றிக் கேட்காத பெற்றோர் இல்லை. புதிதாகச் சேர்ப்பதாக இருந்தால் பத்தாவதில் வேண்டாம். ஏற்கெனவே இருக்கிறவளை நிறுத்தவும் வேண்டாம். வாரத்தில் ஒன்றரை மணிக் கூட்டமும் ஒரு மணி வேலையும் யாருடைய மார்க்கையும் குறைத்ததாக நான் பார்க்கவில்லை, ரீல்ஸ் அதைவிட அதிகம் தின்கிறது. எங்கள் தலைவர் ஜனவரியிலிருந்து எஸ்எஸ்எல்சி பரீட்சை முடிகிற வரைக்கும் அந்தப் பிள்ளைகளுக்குக் கோவில் வளாகத்துக்குள்ளேயே முடிகிற வேலையாகப் பார்த்துக் கொடுக்கிறார். பியூசி சேர்ந்ததும் மகள் ஒய்சிஎஸ்ஸுக்கோ இளைஞர் குழுவுக்கோ மாறுகிறேன் என்றால் மாறட்டும். இளையோர் பிரசீடியம் எப்படியும் 18 வயதோடு முடிந்துவிடும்.